கோடிட்ட இடம்

வெள்ளிக்கிழமை

வணக்கம்.

பன்னிரண்டு வருஷம் கழிச்சு எதுக்கு எழுதறாள்னு நினைப்பீங்க. எனக்காக இல்ல, ஒரு மாட்டுக்காக.

தம்பி பண்ணையில இப்ப மிச்சம் ஆறு மாடு, ஒரு காளை. ரெண்டு வருஷமா ஒரு மாடுகூடச் சினை பிடிக்கல. தம்பி ஒவ்வொண்ணா வித்துடறான். வாங்கறவன் எதுக்கு வாங்கறான்னு சொல்ல வேண்டாம். இப்ப சிவப்பி முறை. கன்னுக்குட்டியா இருந்தப்பவே நான் கையில வச்சு வளர்த்தது. “மலட்டு மாட்டுக்கு எத்தனை நாள்கா தீனி போடறது?”ங்கறான். மாட்டைத்தான் சொன்னான். ஆனாலும் கையில இருந்த வாளி நழுவிடுச்சு.

வாய்க்கால்ல வர்றது உங்க நிலையத்துத் தண்ணிதான். நகரத்துச் சாக்கடையைச் சுத்தம் பண்ணி விடறீங்களே, அது. நடுவுல கோழிப்பண்ணைக் கழிவும் சேருது. மாடு குடிக்கறது அதை, மேயறது அதுல விளைஞ்ச புல்லை. குளத்துல மீன் பிடிக்கிறவர், “எதை அறுத்தாலும் முட்டை, ஆம்பிளை மீனெல்லாம் எங்க போச்சுன்னே தெரியல”ன்னு சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரல. அந்தத் தண்ணில ஏதாவது இருக்கா? கேக்கறதுக்கு எனக்கு உங்களை விட்டா ஆள் இல்ல.

நேரத்துக்குச் சாப்பிடுங்க.

நான்தான்

*

17 மார்ச் 2023, வெள்ளிக்கிழமை

அன்புள்ள என் மனைவிக்கு,

உன் கடிதம் 6-ஆம் தேதி திங்கட்கிழமை முற்பகல் 11.20-க்கு வந்து சேர்ந்தது. நீ தேதியிடவில்லை. அஞ்சல் முத்திரையைக் கொண்டு 3-ஆம் தேதி எழுதியதெனக் கொள்கிறேன். அவ்வாறாயின் நீ குறிப்பிட்டது போல் பன்னிரண்டு ஆண்டுகள் அன்று. பதினோரு ஆண்டுகள், ஒன்பது மாதங்கள், ஒன்பது நாள்கள். குறை சொல்வதற்காக எழுதவில்லை. எண்ணிக்கொண்டிருந்தேன் என்பதற்காகவே எழுதுகிறேன்.

8-ஆம் தேதி என் பழைய ஆய்வகத்திற்குச் சென்றேன். எனக்குக் கீழே பணிபுரிந்தவர் இப்பொழுது அங்குத் தலைமை அலுவலர். தேநீர் கொடுத்தார்; உட்காரச் சொல்ல மறந்துவிட்டார். வாய்க்கால் தொடங்கும் மதகில் நானே மூன்று புட்டிகளில் நீர் பிடித்தேன். முழங்கால் வலியால் படியிறங்க இருபது நிமிடமாயிற்று. முடிவுகளை அட்டவணையாக இணைத்துள்ளேன். பதின்மூன்று வரிகள். அளந்தவை அனைத்தும் வரம்பிற்குள் உள்ளன.

என் நலம் பற்றி எழுதுவதற்கு அதிகமில்லை. கூடத்தில் விளக்கு ஒன்று எரிவதில்லை. ஒரே அறையில் இருப்பவனுக்கு ஒரு விளக்குப் போதும் என்று விட்டுவிட்டேன். ஞாயிறுதோறும் என் அக்காள் வீட்டிலிருந்து உணவு வருகிறது. மற்ற நாள்களில் நானே சமைக்கிறேன். உப்பு எவ்வளவு என்று கேட்க ஆளில்லாததால் ஒரு கரண்டியை அளவாக வைத்திருக்கிறேன். வானொலியில் செய்தி வாசிப்பவர் “வணக்கம்” சொல்லும்போது பதிலுக்கு வணக்கம் சொல்லும் பழக்கம் வந்துவிட்டது. பித்து என்று நினைத்துவிடாதே, மரியாதைதான்.

அட்டவணை கிடைத்ததென்று ஒரு வரி எழுது.

இங்ஙனம்,
உன் கணவன்

*

சனிக்கிழமை

வணக்கம்.

தாள் வந்துச்சு. முழங்காலோட மதகுல இறங்கினீங்கன்னு படிச்சதும் திட்டணும்னு தோணிச்சு. திட்டினதா வச்சுக்குங்க.

தம்பி கண்ணாடி போட்டுக்கிட்டு வரி வரியாப் படிச்சான். கடைசி வரியில “இயக்குநீர் போன்ற பொருள்கள்”னு இருக்கு, அதுக்கு எதிர்ல ஒரு கோடு. “பாத்தியா, மாமாவே ஒண்ணுமில்லன்னு கோடு போட்டுட்டார். இனிமே தண்ணி மேல பழி போடாதே”ன்னான்.  தாளே அவன் பக்கம்.

வர்ற செவ்வாய்க்கு அடுத்த செவ்வாய் சிவப்பியைக் கூட்டிட்டுப் போக ஆள் வருது. அலைஞ்சதுக்கு நன்றி.

நான்தான்

*

29 மார்ச் 2023, புதன்கிழமை
விரைவு அஞ்சல்

அன்புள்ள என் மனைவிக்கு,

நலம் விசாரிக்கும் பகுதியை இம்முறை விட்டுவிடுகிறேன். இதை உன் தம்பிக்கு உடனே படித்துக் காட்டு.

அந்தக் கோட்டுக்கு “இல்லை” என்று பொருளில்லை. இல்லாததற்குச் சுழியம் இடுவோம். கோடு இட்டால், “சோதிக்கவில்லை” என்று பொருள். முப்பத்தொரு ஆண்டுகள் நான் கையொப்பமிட்ட ஒவ்வோர் அட்டவணையிலும் அந்த வரியில் கோடுதான் இருந்தது. அவற்றை அளக்கும் கருவி எங்களிடம் ஒருநாளும் இருந்ததில்லை. கோட்டைச் சுழியமாகப் படித்த இளம் உதவியாளர்களை நான் எழுந்து நிற்க வைத்துக் கடிந்திருக்கிறேன்.

நம் உடலின் சுரப்பிகள் இயக்குநீரை, அதாவது ஹார்மோனை, சிறு துளியாகச் சுரந்து, கருவுறுதல், வளர்ச்சி யாவற்றையும் நடத்துகின்றன. மக்கள் விழுங்கும் மாத்திரைகளில் ஒரு பங்கு கழிவோடு வெளியேறுகிறது. கால்நடைகளின் சாணத்திலும் மூத்திரத்திலும் இயக்குநீர் உண்டு. சில பூச்சிமருந்துகளும் சோப்புத்தூள்களும் சிதைந்து, இயக்குநீர் என்னும் சாவிக்குக் கள்ளச்சாவிகளாகின்றன. எங்கள் தொட்டிகள் நாற்றத்தை நீக்கும், கிருமியைக் குறைக்கும். இவற்றை முழுவதும் நீக்கா. மீன்காரர் சிரித்துச் சொன்னதை வேறு நாடுகளில் அறிஞர்கள் சிரிக்காமல் எழுதியிருக்கிறார்கள். உங்கள் மாடுகளுக்கு நேர்ந்தது இதனால்தான் என்று நான் சொல்லவில்லை. சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. இல்லையென்று சொல்லவும் ஆதாரம் இல்லை.

இன்னொன்று. ஆறு மாடுகளையும் குறை கூறும் உன் தம்பி, காளையை மருத்துவரிடம் காட்டினாரா? அதுவும் அதே நீரைத்தான் குடிக்கிறது.

முதற் கடிதத்திலேயே இதை நான் விளக்கியிருக்க வேண்டும். நல்ல செய்தியாகத் தோன்றினால் நீ மகிழ்வாய், மகிழ்ந்தால் மீண்டும் எழுதுவாய் என்று எண்ணினேன். பிழை என்னுடையது.

இங்ஙனம்,
உன் கணவன்

*

திங்கட்கிழமை

வணக்கம்.

சிவப்பி இங்கதான் இருக்கு. உங்க கடிதம் ரெண்டு வாரத்துக்கு முன்னாடி திங்கட்கிழமை சாயங்காலம் வந்துச்சு. ஒரு நாள் தாமதமாகியிருந்தா போயிருக்கும்.

மாட்டு டாக்டர் வந்தார். ஆறு மாட்டையும் பார்த்தார், அப்புறம் காளையை. பத்து நாள் கழிச்சு முடிவு சொன்னார். மாட்டுக்கெல்லாம் ஒண்ணுமில்ல, காளையோட விந்துதான் பழுதுன்னார். தண்ணியாலயான்னு கேட்டேன். இருக்கலாம், உறுதியாச் சொல்ல முடியாதுன்னார், உங்களை மாதிரியே. இப்ப மாட்டுக்கெல்லாம் ஆழ்துளைக் கிணத்துத் தண்ணிதான். தம்பிக்கு என் முகத்தைப் பார்க்க முடியல. மாட்டை ஒரே நாள்ல மலடுன்னவன், காளைக்கு மட்டும் இன்னொரு டாக்டரையும் கேட்டுப் பார்க்கலாங்கறான்.

அது போகட்டும். அன்னைக்கு ராத்திரி என் பெட்டியைத் திறந்து அந்த ஆஸ்பத்திரித் தாளை எடுத்தேன். நமக்குக் கல்யாணமாகி ஏழாவது வருஷம், பிள்ளை இல்லன்னு போனப்ப கொடுத்தது. என் பேருக்குக் கீழ ஒன்பது வரி, எல்லாத்துலயும் எண் இருக்கு. அத்தனை ஊசி குத்தி எடுத்த எண். உங்க பேருக்குக் கீழ ஒரே வரி. அதுல ஒரு கோடு.

உங்க அம்மா அதைப் பார்த்துட்டு, “என் பிள்ளைக்கு ஒண்ணுமில்ல, கோடு போட்டிருக்கு”ன்னாங்க. நீங்க பக்கத்துல நின்னீங்க. அப்பவே அஞ்சு வருஷம் ஆய்வகத்துல வேலை பார்த்தவர் நீங்க.

அன்னைக்குப் பரிசோதனைக்குப் போனீங்களா, இல்லையா? ஒரு வார்த்தை எழுதினாப் போதும்.

நான்தான்

*

8 மே 2023, திங்கட்கிழமை

என் மனைவிக்கு,

இல்லை.

ஒரு வார்த்தை போதுமென்றாய். அதன் கீழ் எழுதுபவற்றைப் படிப்பதும் விடுவதும் உன் விருப்பம்.

1983-ஆம் ஆண்டு செப்டம்பர் 14, புதன்கிழமை. காலை ஒன்பதே கால் மணிக்கு மருத்துவமனைச் சாளரத்தில் என் பெயரைச் சொன்னேன். ஊழியர் ஒரு சிறு புட்டியைக் கொடுத்து, தாழ்வாரத்தின் கோடியிலிருந்த அறையைக் காட்டினார். நாள்தோறும் புட்டிகளைக் கையாள்பவன் நான். அந்தப் புட்டியைச் சுவரோரம் வைத்துவிட்டு வெளியேறினேன். எதிரே இருந்த கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வீட்டிற்கு வந்து உன்னிடம் “முடிந்தது” என்றேன். குறை என்னிடம் இருந்துவிடுமோ என்ற அச்சம்; வேறு காரணமில்லை. தாள் வந்தபோது அம்மா படித்த பொருள் பிழையென்று எனக்குத் தெரியும். திருத்தவில்லை.

பின்னர் 2011 மே 22 அன்று, என் அக்காள் வீட்டுக் கூடத்தில், நான்கு குடும்பத்தார் முன்னிலையில், “இவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை, நான் என்ன செய்ய” என்று சொன்னேன். நீ தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாய். அன்று மாலையே தம்பி வீட்டிற்குப் போய்விட்டாய்.

முப்பத்தொரு ஆண்டு அந்த நீரில் கையுறையின்றிக் கைவிட்டவன் என்று சொல்லி, பழியைத் தண்ணீர் மேல் போட்டுவிட்டு நான் விலகிவிடலாம். செய்யமாட்டேன். உடலில் குறை இருந்ததா, இருந்தால் எதனால், எதுவும் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள மறுத்தவன் நான் என்பது மட்டும் தெரியும்.

உனக்குப் பதில் எழுதும் முன் செய்யவேண்டிய வேலை ஒன்று இருந்ததால் இத்தனை நாள் தாமதம். அன்று அக்கூடத்தில் இருந்த நான்கு குடும்பத்தாருக்கும், 1983, 2011 பற்றி மேலே இரண்டு பத்திகளில் உள்ளதை என் கைப்பட நான்கு படிகளாக எழுதி, ஏப்ரல் 24 அன்று பதிவு அஞ்சலில் அனுப்பினேன். ஒரு படி உன் தம்பிக்கு. ஒப்புகை அட்டைகள் நான்கும் திரும்பி வந்துவிட்டன. என் அண்ணன் மகன் பதில் எழுதவில்லை. சித்தப்பா வீட்டில் தொலைபேசியை எடுப்பதில்லை. அக்காள் அழைத்து, “எழுபத்து மூணு வயசுல உனக்கு ஏண்டா இந்தப் புத்தி? குடும்பத்தோட மானத்தைத் தபால்ல அனுப்பிட்டியே” என்றார். அவர் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். அதன்பின் இரண்டு ஞாயிறாக உணவு வரவில்லை. இதை முறையீடாக எழுதவில்லை; நிகழ்ந்ததால் எழுதுகிறேன்.

உன்னைத் திரும்பி வா என்று கேட்க எத்தனையோ முறை தாளை எடுத்திருக்கிறேன். இன்று கேட்கவில்லை. நீயாக ஏதேனும் எழுதினால் மட்டும் படிப்பேன்.

இங்ஙனம்,

*

ஞாயிற்றுக்கிழமை

வணக்கம்.

கையெழுத்துப் போட மறந்துட்டீங்க. போட்டிருந்தாலும் படிச்சிருப்பேன், போடலன்னாலும் படிச்சேன்.

தம்பிக்கு வந்ததை அவன் என்கிட்ட உடனே காட்டல. ரெண்டு நாள் சட்டைப் பையிலயே வச்சிருந்தான். அப்புறம் நான் மாட்டுக்குத் தீனி போடறப்ப பக்கத்துல வந்து உட்கார்ந்து, “நாப்பது வருஷம்கா”ன்னான். துண்டால கண்ணைத் துடைச்சுக்கிட்டான். பாவம், நான்தான் அவனைத் தேத்த வேண்டியதாப் போச்சு. சிவப்பிக்குச் சினை ஊசி போட்டிருக்கு. பிடிச்சாலும் பிடிக்கலன்னாலும் விக்கறதில்லன்னு அவனே சொல்லிட்டான்.

உங்க அக்காவும் கூப்பிட்டாங்க. “ஒரு ஆம்பிளையைச் சந்தி சிரிக்க வச்சுட்டியே, இப்பத் திருப்தியா?”ன்னாங்க. திருப்தியான்னு யோசிச்சேன். அவங்ககிட்ட வேலை இருக்குன்னு போனை வச்சுட்டேன். உங்களுக்குச் சொல்றேன்: அந்த நாலு தாளும் போய்ச் சேர்ந்த அன்னைக்கு, ரொம்ப நாளைக்கு அப்புறம் மத்தியானம் படுத்துத் தூங்கினேன்.

நான் வரல. கோபத்துல சொல்லல. கோபம் மிச்சம் இருந்திருந்தா வந்திருப்பேன், சண்டை போடவாவது. நாப்பது வருஷம் என் வயித்தை நானே தப்பாப் பார்த்துட்டேன். அதை இனிமே சரியாப் பார்க்கணும். அதுக்கு நான் தனியா இருக்கணும்.

கூடத்து விளக்கை மாத்துங்க. முழங்காலோட நாற்காலி மேல ஏறாதீங்க, பக்கத்து வீட்டுல யாரையாவது கூப்பிடுங்க. ஞாயித்துக்கிழமைக்கும் சேர்த்துச் சமைக்கக் கத்துக்குங்க.

எழுத வேண்டாம்னு சொல்லல. மாசத்துக்கு ஒண்ணு போடுங்க, மழை பெஞ்சுது, முழங்கால் வலிக்குதுன்னு ஏதாவது. நான் பதில் போடுவேனான்னு தெரியாது. வரலன்னா, படிச்சுட்டாள்னு வச்சுக்குங்க.

நான்தான்