மூன்று சதவீதம் குறைந்த இறக்கை

ஆகஸ்ட் 4, திங்கள்

காலை முதல் தூறல். இந்த ஈரத்தில் காகிதம் அப்பளமாய் நெளிகிறது. வெட்டிய பாகங்கள் அனைத்தும் அரிசி டப்பாவுக்குள். சோறு வைக்க அரிசி எடுக்கப்போன வேலைக்கார மாதம்மா, கையில் ஒரு வால்சிறகோடு வந்து நின்றாள்.

"இன்னாம்மா இது, அரிசில ரெக்க மொளைச்சிகீது?"

நிலவரம்: காகிதத்தில் ஒரு டைகர் மாத். பழைய ராணுவப் பயிற்சி விமானம், இரட்டை இறக்கை, மஞ்சள் நிறம். அசலில் முப்பத்து மூன்றில் ஒரு பங்கு. எட்டுத் தாள்கள், இருநூற்றுச் சொச்சம் பாகங்கள். உடல், வால், சக்கரம், கீழ் இறக்கை முடிந்தன. மேல் இறக்கை, இரண்டு இறக்கைகளுக்கும் நடுவே வரும் தாங்கு கம்புகள், இழுகம்பிகள் பாக்கி.

சனிக்கிழமைக்குள் முடிய வேண்டும். மறுநாள் எதிர்வீட்டுக் கரீம் பாய் ஊத்தங்கரைக்கு, மகள் வீட்டோடு போய்விடுகிறார். வாலிபத்தில் இதே விமானத்துக்கு ஃபிட்டராக இருந்தவர். நான் முதல் தாளை வெட்டிய அன்றே சொல்லிவிட்டார்: "காயிதத்துல செஞ்சாலும் ஏரோப்ளேன் ஏரோப்ளேன்தான் மேடம். இன்ஸ்பெக்‌ஷன் பண்ணித்தான் கையெழுத்து போடுவேன்."

ஃபிட்டர் கையெழுத்து இல்லாமல் எந்த விமானியும் ஏறமாட்டானாம். குறையுள்ள ஒன்றுக்கு அவர் ஒருநாளும் கையெழுத்திட்டதில்லையாம். எனக்கு அந்தக் கையெழுத்து வேண்டும். காரணம் எழுதப்போவதில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மேல் இறக்கைத் தாளின் மீது காபி. கவிழ்த்தது நான், திட்டு வாங்கியது மாதம்மா. தெருமுனை ஜெராக்ஸ் கடையில் அந்த ஒரு தாளுக்கு மட்டும் மறு அச்சு. கடைக்காரர் போனில் தெலுங்கு, மனைவியிடம் கன்னடம், என்னிடம் இரண்டும் கலந்த தமிழ். "ஆய்த்தும்மா, ஆய்த்து, ரெண்டே நிமிசம்." இருபது நிமிடம்.

வாங்கியவை: பிளேடு, பசை, தடித்த அட்டை. வாங்க மறந்தது: ரத்த அழுத்த மாத்திரை.

மாலைக்குள் இறக்கையை வெட்டி ஒட்டி, நுண்கணிதப் பாடநூல் இரண்டு தொகுதிகளுக்கு அடியில் வைத்தேன். அந்த நூல்களை இத்தனை கவனமாக எவரும் கையாண்டதில்லை, என் மாணவிகள் உட்பட.

ஆகஸ்ட் 6, புதன்

வெயில். மேல் இறக்கை ஏறிவிட்டது. இழுகம்பிகளுக்கு நூல் பொருந்தவில்லை. பருமன் அதிகம், பிசிறு வேறு. சீப்பில் சிக்கிய என் நரைமுடி ஒன்றை இழுத்துப் பார்த்தேன். மிகச் சரியான பருமன், எஃகின் நிறம். எழுபத்தெட்டு வயதில் சந்தைக்கே வராத சரக்கு கைவசம்.

புனேயிலிருக்கும் மகனுக்குப் படம் அனுப்பினேன். பதில்: ஒரு கட்டைவிரல். சென்ற வாரம் என் மூட்டு எக்ஸ்ரேக்கும் அதே கட்டைவிரல்.

ஆகஸ்ட் 7, வியாழன்

இடப்பக்கக் கம்புகள் நேராக நிற்கவில்லை. வலப்பக்கமும் அப்படியே. இரண்டும் உள்நோக்கிச் சாய்வு. அரைமணி நேரம் பசையைக் குறை சொன்னேன். பிறகு குப்பைக்கூடையிலிருந்து மறு அச்சுத் தாளின் ஓரத்தைத் தேடி எடுத்தேன். ஒவ்வொரு தாளின் மூலையிலும் ஐம்பது மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு கோடு உண்டு. வெட்டுவதற்கு முன் அளந்து பார்ப்பதற்காகவே அது. அளந்தேன். நாற்பத்தெட்டரை.

தாளுக்குள் அடங்கட்டும் என்று கடையில் சுருக்கி அச்சிட்டிருக்கிறார்கள். மூன்று சதவீதம். இறக்கையின் முழு நீளத்தில் எட்டு மில்லிமீட்டர் குறைவு. கடைக்காரரைச் சொல்லிப் பயனில்லை. அளவுகோல் என் மேசையில்தான் கிடந்தது. விடையைச் சரிபார்க்காத குற்றத்துக்காக எத்தனை பெண்களை வகுப்பில் எழுப்பி நிறுத்தியிருக்கிறேன்.

பிரித்தால் கம்புகள் ஒடியும், முடிகள் அறும். மீண்டும் செய்ய ஐந்து நாள் வேண்டும்; இருப்பது இரண்டு. பாயின் வலக்கண்ணில் புரை. இடக்கண்ணும் பிரமாதமில்லை.

முடிவு: வாய் திறப்பதில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

கம்பெனி ஷிப்டு பஸ் ஒன்று தெருவில் பின்னோக்கி வந்ததில் மேசை அதிர்ந்து புரொப்பெல்லர் விழுந்தது. ஒட்டினேன்.

மாதம்மா: "பாய் போய்ட்டா யார்கூடம்மா சண்ட போடுவீங்க?"

"உன்னோடு."

"எனக்கேது நேரம்? இன்னும் ரெண்டு வீடு பாத்திரம் கெடக்குது."

ஆகஸ்ட் 9, சனி

பத்து மணிக்கு வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, பையில் பென்சில், கையில் நாற்பது பக்க நோட்டு. காபி வேண்டாமாம், டியூட்டியில் இருக்கிறாராம்.

மூக்கில் தொடங்கி இடமாகச் சுற்றி வந்தார். கண்ணைவிட விரல்தான் அதிகம் பார்த்தது. சக்கரத்தை நகத்தால் தட்டினார். "சுத்தாது. காயிதம்தானே, போவட்டும்." இழுகம்பி ஒன்றைத் தொட்டவர் நிமிர்ந்தார்.

"இது இன்னா மேடம், நரம்பா?"

"என் தலைமுடி."

"அதான் இவ்ளோ வெறப்பா இருக்குது."

பிறகு என் துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி, கீழ் இறக்கையின் நீளத்துக்கு ஒடித்தார். அதை மேல் இறக்கையில் வைத்தார். குச்சி வெளியே நீட்டிக்கொண்டது.

"மேடம்."

"மூன்று சதவீதம்."

"தெரிஞ்சேவா ஒட்டுனீங்க?"

"ஒட்டின பிறகுதான் தெரிஞ்சுது."

"சொல்லலியே."

"நீங்க கண்டுபிடிக்கறீங்களான்னு பார்த்தேன்."

"பொய்."

"ஆமாம் பாய்."

நோட்டில் எழுதினார்: மேல் இறக்கை நீளம் குறைவு. பறக்கத் தகுதியில்லை. கையெழுத்து இல்லை. காபி குடித்தார், இரண்டு டம்ளர்.

அவர் போனபின் கோபம் வருமென்று காத்திருந்தேன். வரவில்லை. பத்து ஆண்டுகளாக நான் எதைச் செய்தாலும் எல்லோரும் "சூப்பர்மா" என்கிறார்கள். இன்று ஒருவர் குச்சி வைத்து அளந்து, தவறு என்றார். மதியம் இரண்டு கரண்டி சோறு கூடுதலாக இறங்கியது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஒரு கட்டில், இரண்டு பீரோ, ஒரு கிரைண்டர். எல்லாம் ஒரு வேனுக்குள். முன் இருக்கையில் பாய். "சரிபண்ணி எடுத்துனு வாங்க மேடம். ஊத்தங்கரை இன்னா, அசலூரா?" நோட்டை ஆட்டிக் காட்டினார். வேன் கிளம்பியதும் நேரே ஜெராக்ஸ் கடை. அச்சிட்ட தாளைக் கடையிலேயே அளந்தேன். ஐம்பது. கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும்.

ஆகஸ்ட் 23, சனி

கிருஷ்ணகிரியில் பஸ் மாறினேன். மடியில் அட்டைப்பெட்டி.

கண்டக்டர்: "கேக்கா பாட்டி?"

"விமானம்."

"அப்ப பறந்தே போயிருக்கலாமே?"

"இன்னும் கையெழுத்தாகலை."

டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு முன்பக்கம் போய்விட்டார்.

பாயிடம் அதே ஈர்க்குச்சி, நோட்டுக்குள் பத்திரமாக. கீழே வைத்தார், மேலே வைத்தார். விரலால் இரண்டு முனையையும் தடவினார். குச்சி இம்மியும் வெளியே நீட்டவில்லை. மேல் இறக்கைக்கு நேராகச் 'சரி' என்று எழுதிக் கையெழுத்திட்டார். பெரிய, நிதானமான எழுத்து. நான் புன்னகைத்திருக்கக்கூடும்.

பென்சிலைக் கீழே வைக்கவில்லை. அடுத்த வரியில் எழுதினார்: சக்கரம் சுற்றவில்லை. மறுபரிசோதனை அடுத்த மாதம்.

"அன்னிக்கு நீங்களேதானே போகட்டும்னீங்க?"

"அன்னிக்கு ஊருக்குப் போற அவசரம் மேடம், கவனிக்கல."

"பொய்."

"ஆமா மேடம்."

அடுத்த மாதத்துக்குள்: சக்கரம் இரண்டையும் பிரிக்க வேண்டும். அவை சுற்ற, அச்சுக்கு ஈர்க்குச்சி போதும்.