வேறு ஊரில் ஏறிய கட்டி

அண்ணா,

இன்று செஞ்சி பஸ் ஸ்டாண்டில் ஒரு கண்டக்டர் விசிலை நீ ஊதுகிற மாதிரியே நீட்டி ஊதினார். ஏற வேண்டிய பஸ்ஸை விட்டுவிட்டு நின்றேன்.

அவலூர்பேட்டை பஸ்ஸில் நீ கண்டக்டராக இருந்தபோது உன் கழுத்துக் கட்டியைத் தெரியாதவர்களே கிடையாது. சின்ன வயதிலிருந்து எலுமிச்சை அளவில் அப்படியே இருந்த, ஒன்றும் செய்யாத கட்டி. "அதுக்கும் சேத்து டிக்கெட் போடுப்பா" என்று சீண்டுவார்கள், நீயும் சிரிப்பாய். பெண் கொடுக்க வந்தவர்கள் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் நடுவில் ஒரு கோடையில் அது திடீரென்று பெருத்தது. காக்கிச் சட்டையின் மேல் பட்டனைப் போட முடியவில்லை.

மெட்ராஸில் அறுத்து எடுத்தார்கள். "கழுத்து சுத்தமாயிடுச்சி, ஊருக்குப் போலாம்" என்று நைனா பையைக் கட்டிவிட்டார். அப்போதுதான் டாக்டரம்மா வந்தார். எடுத்த கட்டியை மைக்ராஸ்கோப்பில் பார்த்திருக்கிறார்கள். பழைய கட்டி சாதுவானதுதான். ஆனால் அதற்குள் வேறொரு புற்று புகுந்து வளர்ந்திருக்கிறது. கிட்னியிலிருந்து வந்தது போலத் தெரிகிறது, படம் எடுக்க வேண்டும் என்றார்.

நைனாவுக்குக் கோபம். "கழுத்துல வந்த நோவுக்கு இடுப்புல இன்னாம்மா வேலை?"

நீதான் கட்டுப் போட்ட கழுத்தோடு கரகரத்தாய். "அப்போ இவன் இந்த ஊர்ல ஏறல. முன்னாடியே ஏறி, உள்ள குந்திக்கினு வந்திருக்கான். அதானே டாக்டரம்மா?"

அவர் சிரித்துவிட்டார். "ஆமாப்பா. ஏறின எடத்தைத்தான் தேடணும்."

இடது கிட்னியில் இருந்தது. வேறெங்கும் தெரியவில்லை. எடுத்துவிட்டால் பிழைக்க வழியுண்டு, ஆனால் உறுதி சொல்ல முடியாது என்றார்கள். நைனா வேண்டவே வேண்டாம் என்று தலையில் அடித்துக்கொண்டார். நீ என் பக்கம் திரும்பினாய்.

"நீ இன்னா சொல்ற பாப்பா?"

அதுவரை நம் வீட்டில் யாரும் என்னிடம் எதையும் கேட்டதில்லை. "எடுத்துடு அண்ணா" என்றேன். ஆபரேஷன் அறைக் கதவு மூடிய பிறகுதான் எனக்கு உறைத்தது. நீ செத்துப்போனால் நான் சொல்லித்தான் செத்தாய் என்றாகிவிடும்.

நீ சாகவில்லை. திரும்பி வந்து அதே பஸ்ஸில் ஏறினாய். வல்லத்தில் பெண் கிடைத்தது. ஒற்றைக் கிட்னியோடு ஊரெல்லாம் சுற்றி, எல்லோரையும் வம்புக்கு இழுத்து, நிதானமாகக் கிழவனானாய்.

போன மாசம் உன் சாவு வீட்டில் உன் பேரப்பிள்ளைகள் கதறினார்கள். நானும் அழுதேன். ஆனால் அந்த முகங்களைப் பார்க்கப் பார்க்க உள்ளே ஒரு சந்தோஷமும் இருந்தது. நீ கோபித்துக்கொள்ள மாட்டாய். ஆஸ்பத்திரியில் நீ என்னைக் கேட்ட அன்று இவர்களில் ஒருவர்கூட இல்லை. அழுது அழுது உன் கடைசிப் பேத்தி என் மடியிலேயே தூங்கிப்போனாள். அவள் கனம் இன்னும் என் மடியில் இருக்கிறது அண்ணா.