வாய் திறக்கக் கூடாத பரீட்சை

தோஹா

அன்புள்ள தவமலருக்கு,

நான் சுகம். உமது முழங்கால் நோ எப்படி? எண்ணெய் பூசுகிறீரா? போனில் கதைத்தால் உமது தம்பி அருட்செல்வன் பக்கத்தில் நின்று சிரிக்கிறான். அதனால்தான் எழுதுகிறேன்.

"அத்தானுக்கு உந்த வயசிலை உது தேவையோ?" என்று கேட்டானே, அவனுக்குச் சொல்லும். கிளவுட் கம்பியூட்டிங் பரீட்சையில் நான் பெயிலாகவில்லை. இடையில் நிறுத்திவிட்டார்கள். அறையில் இருந்தபடி கணினியில் எழுதும் பரீட்சை அது. கமரா வழியாக ஒருத்தி காவல். நான் கேள்வியை வாய்விட்டு வாசித்தேன். கதைக்கக் கூடாது என்றாள். கதைக்கவில்லை, வாசிக்கிறேன் என்றேன். இன்னொரு கேள்வி வாசித்தேன். மூடிவிட்டாள்.

எட்டாம் வகுப்போடு நின்ற நான் சேர்வர், ஸ்டோரேஜ் எல்லாம் வாய்விட்டு வாசித்துத்தான் படித்தேன். இந்த அறையில் வேறு குரலும் இல்லை. அது குற்றமா?

சேர்வர் அறையில் வேலை செய்பவன் தை மாதத்துக்குள் சான்றிதழ் காட்டாவிட்டால் கம்பனி ஊருக்கு அனுப்பிவிடும். அருட்செல்வன் சிரிக்க நான் பலாலி விமான நிலையத்தில் வந்து இறங்கமாட்டேன். அடுத்த மாதம் முதல் வெள்ளி திரும்ப எழுதுகிறேன்.

அச்சுவேலிச் சந்தையில் பனங்கட்டி வாங்கி, இங்கே வருகிற ஆரிடமாவது கொடுத்துவிடும். தேத்தண்ணிக்கு அல்ல. பரீட்சை முடியுமட்டும் ஒரு துண்டை வாயில் அடக்கி வைத்திருக்கத்தான். இனி ஒருத்தியும் என் உதட்டில் பிழை பிடிக்க முடியாது.

வேலைக்குப் போகிற வான் ஹோன் அடிக்கிறது. அந்த வெள்ளி காலை எனக்குப் போன் எடுக்க வேண்டாம். முடிந்ததும் நானே எடுப்பேன். தம்பியை வெளியே அனுப்பிவிட்டு, போனை வைக்காமல் கதையும். எதையாவது கதையும்.

குணபாலசிங்கம்