ஜூன் முப்பதுக்குள் கையெழுத்து

பிப்ரவரி 4, செவ்வாய்

இன்று நூற்றுப் பன்னிரண்டு தண்ணீர் மீட்டர் பார்த்தேன். இரண்டு வீட்டில் நாய், ஒரு வீட்டில் பூட்டு. கடைசித் தெருவில் ஒரு அம்மாள் என்னை வாசலிலேயே நிறுத்தி, "முதல் தடவை வீடு வாங்குறவங்களுக்கு அரசாங்கம் பணம் தருதாமே, நீங்க ஆபீஸ்காரங்கதானே, உங்களுக்குத் தெரியாதா?" என்றார். தண்ணீர்த் துறைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று சொல்ல வந்தேன். ஆனால் வாயிலிருந்து வந்தது, "எவ்வளவு தராங்களாம்?"

என் பதினான்கு மாதச் சம்பளம். ஜூன் 30க்குள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். மருத்துவமனை ஷிப்ட் முடித்து வந்த இவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே பேப்பரில் வந்திருந்த அந்தச் செய்தியை இரண்டு முறை படித்தார். நர்ஸ் வேலை பார்ப்பவர். மருந்துச் சீட்டைத் தவிர வேறு எதையும் இவர் இரண்டு முறை படித்து நான் பார்த்ததில்லை. கல்யாணமாகிப் பதினோரு வருடம், நான்கு வாடகை வீடு.

பிப்ரவரி 7, வெள்ளி

"முதல் தடவை" என்றால் யாருடைய முதல் தடவை? அந்த அலுவலகத்துக்குப் போன் செய்தேன். நாற்பது நிமிடம் பாட்டு கேட்டேன். பிறகு ஒரு பெண் வந்து, "ரெண்டு பேர் பேர்லயும் இதுக்கு முன்னாடி எங்கயும் வீடு இருந்திருக்கக் கூடாதுங்க. அப்பா வீட்டுல பங்கு இருந்தாலும் கணக்குதான்" என்றாள்.

இவரிடம் கேட்டேன். "எனக்கா? ஆஸ்பத்திரியில என் லாக்கரே பாதி இன்னொருத்தனோடது."

இன்னொன்றும் கேட்டேன் அந்தப் பெண்ணிடம். பழைய வீடு வாங்கினால் கிடையாதா? கிடையாது, புதிதாகக் கட்டியதற்கு மட்டும்தான். ஏன்? "படிவத்துல அப்படித்தாங்க இருக்கு." ஏனென்று அவளுக்கும் தெரியவில்லை. எனக்கு அந்த 'ஏன்' மட்டும் போகவே இல்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

பேருந்து பணிமனைக்குப் பின்னால் புதிதாக எழும்பியிருக்கும் அடுக்குமாடியைப் போய்ப் பார்த்தோம். ஐந்து மாடி, நாற்பது வீடு. விற்பனைக்காரருக்குக் கழுத்தை இறுக்கும் சிவப்பு டை. அதனால் எங்களுக்குள் அவர் பெயர் டை.

"ரெண்டே ரெண்டு வீடுதாங்க மிச்சம். அதுவும் இந்த வாரம் போயிடும்."

மூன்றாவது மாடி வீட்டைக் காட்டினார். சமையலறையில் இரண்டு பேர் முழங்கை இடிக்காமல் நிற்கலாம். பின்பக்கப் படுக்கையறையில் தெருச் சத்தமே இல்லை. இரவு ஷிப்ட் முடிந்து பகலில் தூங்குகிற மனுஷர் இவர். அந்த அறையின் கதவைச் சாத்திவிட்டு உள்ளேயே இரண்டு நிமிடம் நின்றார். வெளியே வந்தபோது முகம் மாறியிருந்தது. பிடித்துவிட்டது. எனக்கும்தான்.

விலையைக் கேட்டு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இருமினோம். "உதவித்தொகை கழிச்சுப் பாருங்க சார்" என்றார் டை.

மார்ச் 3, திங்கள்

ஒரு விஷயம்.

மீட்டர் பெட்டிக்குள் ஆட்கள் என்னவெல்லாமோ போட்டு வைப்பார்கள். சாவி, பழைய செருப்பு, விளம்பரத் தாள். இன்று ஒரு பெட்டிக்குள் அதே அடுக்குமாடியின் விளம்பரம், ஈரத்தில் ஊறி ஒட்டிக்கொண்டு கிடந்தது. நவம்பரில் அச்சடித்தது. அதே வீடு, அதே அளவு. விலை மட்டும் வேறு.

சாப்பாட்டு நேரத்தில் படிக்கட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நவம்பருக்கும் இப்போதைக்கும் இடையில் ஏறியிருப்பது என் பதின்மூன்று மாதச் சம்பளம். அரசாங்கம் தருவது பதினான்கு.

அப்படியானால் உதவி யாருக்கு? எனக்கு ஒரு மாதம், டைக்குப் பதின்மூன்று மாதமா? புதிய வீட்டுக்கு மட்டும் என்று சொன்னது இதற்குத்தானா? அல்லது சிமெண்ட், கம்பி விலை ஏறியதா? தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது.

மார்ச் 14, வெள்ளி

வங்கி. கடன் பிரிவில் இருந்தவர் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். விளம்பரத் தாளை எடுத்து மேஜையில் வைத்தேன். சிரித்தார்.

"நீங்கதான் முதல் ஆளு, இதைக் கொண்டாந்து காட்டினது. எல்லாரும் ஒரே தேதிக்குள்ள வாங்கணும்னா விலை ஏறத்தாம்மா செய்யும்."

"தேதி முடிஞ்சப்பறம் இறங்குமா?"

"அது தெரிஞ்சா நான் ஏன் இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன்? இறங்கலாம். இறங்காமலும் போகலாம். ஆனா காத்திருக்கிற ஒவ்வொரு மாசமும் வாடகை போகுது, அதையும் பாத்துக்குங்க."

பதில் இல்லாத பதில்தான். ஆனால் இதுவரை நான் பார்த்தவர்களில் தெரியாததைத் தெரியாது என்று சொன்னவர் இந்தக் கண்ணாடிக்காரர் ஒருவர்தான். அது பிடித்திருந்தது.

ஏப்ரல் 10, வியாழன்

இந்த மாதம் எங்கள் பகுதிகளை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு வந்ததில் அந்த அடுக்குமாடியும் ஒன்று.

கீழ்த்தளத்தில் ஒரு நீண்ட அலமாரி, அதற்குள் வரிசையாக நாற்பது மீட்டர். குறித்துக்கொண்டே போனேன். பதின்மூன்று ஓடியிருக்கிறது. இருபத்தேழு அப்படியே பூஜ்யத்தில்.

ஒரு வீட்டு ரீடிங்கை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது என்று வேலையில் சேர்ந்த அன்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். இவரிடம் சொல்லவில்லை. சாப்பிடும்போது, "என்ன, பேச்சே காணோம்?" என்றார். வெயில் என்றேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

வீட்டுக்காரர் வந்திருந்தார். நல்ல மனிதர், எதிரே உட்காராமல் நின்றுகொண்டே சொன்னார். அவர் மகள் குடும்பத்தோடு திரும்பி வருகிறாளாம். ஜூலைக் கடைசிக்குள் நாங்கள் காலி செய்தால் உதவியாக இருக்குமாம்.

"பாத்தியா, வேளை தானா வருது" என்றார் இவர்.

மே 17, சனி

சண்டை.

இவர் முன்பணத்தை எடுத்து உறையில் போட்டு மேஜைமேல் வைத்திருந்தார். நாத்தனார் போன் செய்திருக்கிறார். "ஊரே வாங்குது, உன் பொண்டாட்டி மட்டும் கேள்வி கேட்டுக்கிட்டு இருக்கா"ன்னு. இவரும் அதையே என்கிட்ட வந்து ஒப்பிக்கிறார். எனக்கு வந்துச்சே கோபம். நான் என்ன வேணாம்னா சொன்னேன்? கொஞ்சம் பொறுங்கன்னுதானே சொன்னேன்.

"எதுக்குப் பொறுக்கணும்? பதினாலு மாசச் சம்பளம். உன் சந்தேகத்துக்கு அவ்வளவு விலையா?"

வாய் தவறிவிட்டது. "இருபத்தேழு மீட்டர் ஓடல. ரெண்டே வீடுன்னு சொல்றாரே, இருபத்தேழு வீட்ல ஒரு சொட்டுத் தண்ணி செலவாகல."

உறையை ஒரு பக்கமாகத் தள்ளினார். அப்புறம் சொன்னார், "மீட்டர் ஓடலன்னா விக்கலன்னு அர்த்தமா? வாங்கிப் போட்டுட்டு இன்னும் குடி வராம இருப்பாங்க."

அது நியாயமான கேள்வி. எனக்குத் தோன்றாத கேள்வி. அதுதான் அதிகமாக எரிச்சல். சொல்லக் கூடாததையும் சொல்லிவிட்டேன், சொல்லியும் பிரயோஜனம் இல்லை.

மே 25, ஞாயிறு

மீட்டரை மறந்துவிட்டு, தெருவில் போகிற யாரும் பார்க்கக்கூடியதை மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்தேன். மாலையில் பணிமனைச் சுவரோரம் நின்று பால்கனிகளை எண்ணினேன். துணி காய்வது பன்னிரண்டில். திரைச்சீலை போட்டது பதினான்கில்.

கீழே குழாய் பழுதுபார்த்துக்கொண்டிருந்த ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். அவர் அங்கேயே இரண்டாவது மாடியில் குடியிருக்கிறவராம். "எங்க மாடியில எட்டு வீடுங்க, நாங்க ஒரு குடும்பம்தான். லிஃப்ட் சத்தம் கேட்டா யாரு வராங்கன்னு கதவைத் திறந்து பாப்போம்."

மற்ற ஏழையும் யாராவது வாங்கியிருக்கிறார்களா? "யாருக்குத் தெரியும்."

யாருக்குத் தெரியும். யாருக்காவது தெரியும்தானே?

ஜூன் 12, வியாழன்

டை இன்று மட்டும் நான்கு போன்.

ஜூன் 21, சனி

இரண்டு பேரும் பேசிக்கொள்கிறோம், வீட்டைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. உறை இன்னும் மேஜைமேல்தான் இருக்கிறது. அதைச் சுற்றித் தட்டு வைத்துச் சாப்பிடுகிறோம்.

நான் தப்பாக இருந்தால்? இவர் பாவம், பின்பக்கத்து அறையை நினைத்துக்கொண்டுதான் பகலில் காதில் பஞ்சு வைத்துத் தூங்குகிறார். என் ஆர்வக்கோளாறில் அந்த அறை போய்விட்டால், வாழ்நாள் முழுக்க அதை ஒரு வார்த்தைகூடச் சொல்லிக்காட்ட மாட்டார். அது தெரிவதுதான் பயமாக இருக்கிறது.

ஜூன் 28, சனி

நான் வேலை முடிந்து வந்தபோது உறையைக் காணோம். இவரையும் காணோம். புரிந்துவிட்டது. சரி, கையெழுத்துப் போட்டுவிட்டு வரட்டும், முகம் சுளிக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு டீ போட்டேன்.

ஏழு மணிக்கு வந்தார். உறையை அதே இடத்தில் வைத்தார்.

"பேனாவை எடுத்துட்டேன். கடைசியா ஒரு பேச்சுக்குத்தான், அந்த மூணாவது மாடி வீடுதானேன்னு கேட்டேன். அது நேத்தே போயிடுச்சாம். சரி, மிச்சம் இருக்கிற ஒண்ணையாவது குடுங்கன்னேன். அதுக்கு அந்த ஆளு, 'எந்த மாடி வேணும் சார், ரெண்டாவதா, நாலாவதா, அஞ்சாவதா? கிழக்கா, மேற்கா?'ங்கறான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பேனாவை மூடி அவன் பையிலயே சொருகிட்டு வந்துட்டேன்."

டீ ஆறிப்போயிருந்தது. அப்படியே குடித்தார். சிரிக்க ஆரம்பித்தது யார் என்று ஞாபகமில்லை. சிரித்து முடிந்ததும் இரண்டு பேரும் காலண்டரைப் பார்த்தோம்.

ஜூன் 30, திங்கள்

கையெழுத்துப் போடவில்லை. இவர் கூடுதல் ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். நான் நூற்று நாற்பது மீட்டர் பார்த்தேன்.

ஜூலை 4, வெள்ளி

திட்டத்தை நீட்டிக்கவில்லை. செய்தித்தாளில் நான்கே வரி. பதினான்கு மாதச் சம்பளம் நான்கு வரியில் போய்விட்டது.

ஆகஸ்ட் 2, சனி

நாத்தனார் வீட்டு மாடி அறைக்கு வந்தாயிற்று. ஒரே அறை. பாதிச் சாமான் பெட்டிக்குள், பெட்டிகள் கட்டிலுக்கடியில். லாரியிலிருந்து இறக்கும்போதே நாத்தனார், "கேட்டுக் கேட்டு என்ன கண்டீங்க?" என்றார். நான் அடுத்த பெட்டியைத் தூக்கினேன். இவர்தான், "இன்னும் கேட்டு முடியலக்கா" என்றார்.

பகலில் கீழே டிவி சத்தம். இவர் தூங்குவதே இல்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

பகுதி மறுபடி மாறிவிட்டதால் பணிமனைப் பக்கம் வேலை இல்லை, நானாகப் போகவும் தைரியம் வரவில்லை. விலை இறங்கியிருக்காவிட்டால்? பார்க்காத வரை இரண்டும் உண்மை. எதையும் எட்டிப் பார்க்காமல் இருக்க முடியாத நான், இந்த ஒன்றை மட்டும் பத்து வாரமாகப் பார்க்காமல் இருக்கிறேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

இவரே கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார்.

டையைக் காணோம், வேறொரு பெண். 'ரெண்டே வீடு' என்கிற பேச்சும் இல்லை. பெரிய தாளில் நாற்பது கட்டம், விற்றதில் சிவப்புப் புள்ளி. எண்ணினேன், இருபத்தொன்று. மீதி வெள்ளையாகவே இருந்தது. கேட்காமலே விலையைச் சொன்னாள். ஜூன் மாத விலையிலிருந்து என் பதினைந்து மாதச் சம்பளம் குறைவு.

வெளியே வந்து பணிமனைச் சுவரில் சாய்ந்துகொண்டு கணக்குப் பார்த்தோம். உதவி பதினான்கு, இறங்கியது பதினைந்து. லாபம் ஒரு மாதம். இரண்டு தடவை லாரிக் கூலி அதில் பாதியைத் தின்றுவிடும்.

"அப்ப அரை மாசச் சம்பளத்துக்காகவா இவ்வளவு கூத்து?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கும் நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

நவம்பர் 22, சனி

நான்காவது மாடி. நாங்கள் பார்த்த வீட்டுக்கு நேர் மேலே. அதே சமையலறை, அதே பின்பக்கத்து அறை. காலை ஒன்பது மணிக்கு உள்ளே போய்ப் படுத்த இவர் மாலை ஐந்துக்குத்தான் எழுந்தார். மூச்சு வருகிறதா என்று இரண்டு முறை போய்ப் பார்த்தேன்.

டிசம்பர் 6, சனி

மதியம் இவர் சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடத்தில் முதல்முறையாக யாரிடமும் கேட்காமல். முதல் ஆணி வளைந்தது. இரண்டாவதை அடிக்கும்போது கதவு தட்டும் சத்தம். கீழ்வீட்டுக்காரர், நாங்கள் முதலில் பார்த்த வீட்டை வாங்கியவர். பேருந்து பணிமனையில் மெக்கானிக்காம், கையில் இன்னும் கிரீஸ் கறை.

"தப்பா எடுத்துக்காதீங்க, குழந்தை இப்பதான் தூங்குனா."

உள்ளே வரச் சொன்னோம். தண்ணீர் குடித்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, "கடைசியா வந்தவங்களுக்குக் குறைச்சுக் குடுத்தாங்களாமே?" என்றார். இவர் என்னைப் பார்த்தார். இந்தக் கேள்வியை நானாக இருந்தால் வாசலிலேயே கேட்டிருப்பேன். பொய் சொல்ல வரவில்லை. விலையைச் சொன்னேன்.

அவர் விரல்விட்டு எண்ணினார். உதவித்தொகையைக் கழித்தார், மறுபடி எண்ணினார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பெரிய வித்தியாசமில்ல" என்றார். பிறகு, "எங்களுக்கு அப்ப ஜூன் முப்பதெல்லாம் கணக்கில்லீங்க. ஜூலை பத்துக்குக் குழந்தைன்னு டாக்டர் தேதி குடுத்திருந்தாரு. அதுக்குள்ள ஒரு வீட்டுக்குள்ள இருக்கணும்னு ஓடி வந்தோம். அஞ்சாம் தேதியே பொறந்துட்டா. ஆஸ்பத்திரியில இருந்து நேரா இங்கதான்."

அவர் சொன்ன அந்த வாரத்தில் நாங்கள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தோம். ஒரே தேதியை இத்தனை மாதம் முறைத்துப் பார்த்தும், அதே நாட்களில் வேறு யாரெல்லாம் எந்தத் தேதிக்காக ஓடியிருப்பார்கள் என்று எனக்குக் கேட்கத் தோன்றவே இல்லை.

"பேரு என்ன வெச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். சொன்னார். எத்தனை பல், குப்புற விழுகிறாளா, ராத்திரி தூங்கவிடுகிறாளா என்று எல்லாம் கேட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். போகும்போது, "எழுந்ததும் குரல் குடுக்குறேன், அதுக்கப்பறம் அடிச்சுக்குங்க" என்றார்.

இவர் சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். நான் எதிரே தரையில் உட்கார்ந்தேன். காத்திருந்தோம். ஐந்து பத்துக்குக் கீழேயிருந்து குரல் வந்தது.

"எழுந்துட்டா, அடிங்க."