இல்லை என்று எழுதிய கட்டம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், உன் சுகத்தைக் கேட்க எனக்கு முகமில்லை, ஆனாலும் கேட்கிறேன், நன்றாக இருக்கிறாயா அம்மா? உன் தங்கை பள்ளிச் சுற்றுலா முடிந்து ஞாயிற்றுக்கிழமை வந்து சேர்ந்தாள். வரலாற்றுப் பாடத்தில் படித்த ஐரோப்பிய நகரத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவள், பெட்டியைக்கூடத் திறக்காமல் போய்ப் படுத்துக்கொண்டாள். அந்த வாயாடி இரண்டு நாள் சாப்பிடக்கூட எழுந்து வரவில்லை. அம்மா தட்டும் கையுமாக நின்று கெஞ்சிய பிறகுதான் அழுதுகொண்டே சொன்னாள். நீ வேலை பார்க்கிற ஊரிலிருந்து ஆறு மணி நேரம் பஸ்ஸில் வந்து, அவளுக்கென்று ஒரு கோட்டு வாங்கிக்கொண்டு அந்த நகரத்துக் கல்பாலத்து முனையில் நின்றாயாமே. ஒரே ஒரு சாயங்காலம் கூட்டிப்போய்ச் சாப்பிட வைத்து அனுப்புகிறேன் என்று கேட்டாயாமே. டீச்சர் பையிலிருந்து சுற்றுலாவுக்கு நான் நிரப்பிக் கொடுத்த படிவத்தை எடுத்து நீட்டி, "இந்த ஊர்ல உறவுன்னு யாரும் இல்லன்னு அவங்கப்பாவே எழுதிக் குடுத்திருக்காரு, நான் எப்படிம்மா அனுப்புறது?" என்றாராம். கோட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு நீ போய்விட்டாயாம்.

எழுதியது இந்தப் பாவிதான். எதற்காக என்று கேட்டுவிட்டு அப்புறம் திட்டு. இருபத்தாறு வருஷமாக விசா ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து ஊராருக்குப் படிவம் நிரப்புகிறவன் நான். அங்கே உறவு இருக்கிறது என்று எழுதினால், போகிற பிள்ளை திரும்பி வராது என்று அதிகாரி ஆயிரம் கேள்வி கேட்பான். அதனால் யார் வந்தாலும் அந்தக் கட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு இல்லை என்று போட்டுவிடுவேன். பள்ளிக்கூடத்துப் படிவத்திலும் கை அதே போக்கில் போய்விட்டது. பிள்ளையை யாரிடம் விடலாம் என்று கேட்கிற கட்டம் அது என்று யோசிக்கவே இல்லை, நீங்கள் இருவரும் அங்கே சந்திப்பதாக ரகசியமாகப் பேசி வைத்திருந்ததும் எனக்குத் தெரியாது. பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு எனக்கு, தூ!

நீ வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பிய அன்று, இனிமே எனக்கு நீ பொண்ணே இல்ல என்று வாசலில் நின்று கத்தியவனும் நான்தானே. மூன்று வருஷம் கழித்து அதையே என் கையெழுத்தில் படித்தால் உனக்கு எப்படி இருந்திருக்கும்? அந்தக் கோபம் அன்றைக்கே போய்விட்டது அம்மா, வீம்புதான் போகவில்லை. நீ அம்மாவோடு போனில் பேசும்போதெல்லாம் கதவுக்குப் பின்னால் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். இப்போது போனே வருவதில்லை. அம்மா என் முன்னால் தட்டை நங்கென்று வைத்துவிட்டுப் போகிறாள். நேற்று பள்ளிக்கூடம் போய், வந்தது என் மூத்த மகள், நான் எழுதியது பொய் என்று தலைமையாசிரியையிடம் சொன்னேன். இப்ப சொல்லி என்ன சார் ஆகப்போகுது என்றார். என்ன ஆகப்போகிறது?

குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ, வேளைக்குச் சாப்பிடு, எங்கே இருந்தாலும் நீ நோய் நொடியில்லாமல் நன்றாக இருக்க வேண்டும். என்னோடு பேச வேண்டாம், சின்னவள் கூப்பிட்டால் மட்டும் எடு, மறந்துவிடாதே. ஒன்று இன்று காலையில்தான் சொன்னாள். டீச்சர் படிவத்தை நீட்டியபோது நீ சண்டை போடவில்லையாம், அழவும் இல்லையாம். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "ஆமா, எங்கப்பா எழுத்துதான்" என்று சொன்னாயாம். இல்லை என்று நான் எழுதியதைப் படித்த பிறகும் எங்கப்பா என்றாயே, என் தங்கமே.

இப்படிக்கு,
உன் அப்பா