பாத்திரம் கழுவுற கிளவுஸ்

துஷானி அப்பாவுக்கு,

இன்னைக்குப் பௌர்ணமி, போயா லீவுதானே, எழுப்ப மனசு வரல. புள்ளையோட திகனயில இருக்கிற அக்கா வீட்டுக்குப் போறேன். சோறும் பருப்பும் அடுப்புமேல இருக்கு. வெளியே போனா சாவியைப் பக்கத்து வீட்டு டிலானிகிட்ட குடுங்க.

"இத்தனை வருஷமா கராஜில வேலை செய்றவருக்கு இனி எதுக்குக் காசு கட்டிப் படிப்பு"ன்னு நேத்து கேட்டேன். நீங்க பாதிச் சோத்தோட எழும்பிட்டீங்க. காசு போயிடும்னு பயந்துதான் அப்படிக் கேட்டேன்.

காலையில பாத்திரம் கழுவ என் கிளவுஸைத் தேடினா, அது உங்க டூல்ஸ் பேக்கில இருக்கு. ரெண்டு விரல் நுனி உருகிப் போயிருக்கு. இதைப் போட்டுக்கிட்டா ஹைபிரிட் வண்டி பெட்டரியைக் கழட்டுறீங்க? அந்த ஒரேஞ்ச் வயரைத் தெரியாம தொட்டா ஆளே மிஞ்ச மாட்டான்னு நீங்கதானே சொன்னீங்க.

மத்தியானம் மூக்கையா மாமா நீங்க கேட்ட அந்த ஹைபிரிட் மெக்கானிக் கோர்ஸ் போர்மோட வருவார். கோபத்துல திருப்பி அனுப்பிடாதீங்க, கையெழுத்து போடுங்க. கோர்ஸ் காசுக்கு அடகு வைக்க என் காப்பு அலுமாரியில இருக்கு. படிச்சு முடிச்சாலும் சம்பளம் கூடுமான்னு இன்னும் பயம்தான். அந்தப் பயத்தோட என்னால இருக்க முடியும்.

சந்திரிகா

நெத்தலி பொரிச்சு மூடி வச்சிருக்கேன், பூனை வரும்.

கிளவுஸை நான் கொண்டு போறேன், தேடாதீங்க. நாளைக்குக் கராஜ் பாஸ் பெட்டரியைக் கழட்டச் சொன்னா, பொண்டாட்டி கிளவுஸைத் தர மாட்டேங்குறான்னு சொல்லுங்க.