மஞ்சள் வெளிச்சத்தில் பார்த்த சளி

மாப்ள,

ஒரு பல்பு வாங்கித் தராதவர்கள் உன்னைக் கொன்றார்கள். உன் கேதத்துக்கு வந்து மாலையும் போட்டுவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பதிலாக நீ மாட்டிய பல்பை இன்று கழற்றினேன். கண்ணாடி கருத்து, உள்ளங்கையில் கிடக்கிறது. நம் ஆய்வகத்து மைக்ராஸ்கோப்பின் பல்பு போனதும் மேலே எழுதிக் கேட்டோம். வரவே இல்லை. கடைசியில் வண்டியூர் மெக்கானிக் கடையில் பைக் பல்பு வாங்கி வந்து நீதான் மாட்டினாய். "ஹெட்லைட் போட்டாச்சு மாப்ள, இனி கிருமியெல்லாம் தானா ஓரம் போயிரும்" என்று சிரித்தாய். அலங்காநல்லூர்ப் பக்கமிருந்து பஸ் ஏறி வந்தவர்களின் சளியையெல்லாம் அந்த அழுக்கு மஞ்சளில்தான் பார்த்தோம். காசநோய்க் கிருமி நீலத்தின் நடுவே சிவப்புக் குச்சியாகத் தெரிய வேண்டும். நம் கண்ணுக்கு எத்தனை தப்பியது என்று நமக்கே தெரியாது.

பிறகு உனக்கே இருமல் வந்தது. வேறு இடத்தில் போய்க் காட்டச் சொன்னேன்.

"டிபி பாக்குறவனுக்கே டிபின்னு தெரிஞ்சா எந்தங்கச்சிய எவன்டா கட்டுவான்? என் சளிய நானே பாத்துக்கிறேன்."

ஸ்லைடில் பேருக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி கீறினாய். உங்கள் வீட்டுச் சௌராஷ்டிரத்தில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வெகுநேரம் பார்த்தாய். "ஒண்ணுமில்லடா. அம்புட்டும் சிகரெட்டு பண்ற வேலை" என்றாய். ஒருநாள் இருமலோடு ரத்தம் வந்தது. அதற்குள் உன் நுரையீரலில் மிச்சம் எதுவும் இல்லை.

இன்று ஒரு டார்ச்சைப் பிரித்து அதன் எல்.ஈ.டி.யைப் பல்பு இருந்த இடத்தில் வைத்து, செல்போன் சார்ஜரோடு இணைத்தேன். பால் போல வெளிச்சம். பழைய ஸ்லைடுப் பெட்டியில் உன் பெருக்கல் குறியைத் தேடி எடுத்து முதலில் அதைத்தான் வைத்தேன்.

கொத்துக் கொத்தாகக் கிடந்தன மாப்ள. சிவப்பாக.

மற்ற ஸ்லைடுகளையும் எடுத்தேன். செங்கல் சூளையிலிருந்து கைப்பிள்ளையோடு ஒருத்தி வருவாளே, அந்தப் பிள்ளைக்கு நீ பிஸ்கட் வாங்கித் தருவாயே, அவளுடையதிலும் இருந்தது. நோய் இல்லையென்று எழுதித்தான் அவளை அனுப்பியிருந்தோம்.

நாம் எழுதிக் கேட்ட ஆபீசரைக் கூட்டி வந்தேன். அவர் குனிந்து கண்ணை வைக்கவே இல்லை. வெளிச்சத்தை மட்டும் பார்த்தார்.

"பிரமாதமா எரியுதே தம்பி! அப்ப பல்பு கேட்டு எழுதுனத கேன்சல் பண்ணிரலாம்ல?"

வாசல்வரை அவர் பின்னாலேயே போனேன். உன் பல்பு என் சட்டைப்பையில் இருந்தது. இப்போதும் இருக்கிறது. இனி அங்கேதான் இருக்கும். அவர் வண்டியை உதைத்தார். ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டேன்.

"இல்லன்னு சொல்லி அனுப்புன அம்புட்டுப் பேரையும் திரும்பக் கூப்பிடணும் சார். அந்தப் பிள்ளைக்காரிய நாளைக்கே கூப்பிடணும்."

அவர் என் கையை விலக்கிவிட்டுக் கிளம்பினார். தெருமுனை வரைக்கும் ஓடினேன்.

"எப்ப சார் கூப்பிடுவீங்க?"